2.4 சதவீத மங்கல்: ஒரு வெப்ப வியாழனைச் சிறு தொலைநோக்கியில் பிடிப்பது

எச்டி 189733 என்ற ஆரஞ்சு நிற விண்மீன் 2 நாள் 5 மணி 14 நிமிடம் 45 விநாடிக்கு ஒருமுறை மங்குகிறது. சுமார் 1 மணி 50 நிமிடத்துக்கு அதன் ஒளியில் 2.4 சதவீதம் குறைகிறது, பிறகு பழைய நிலைக்கே திரும்புகிறது. அதைச் சுற்றும் ஒரு பெரிய வாயுக் கோள் நமக்கும் அந்த விண்மீனுக்கும் நடுவே கடந்து போவதுதான் காரணம். இதைத்தான் கடப்பு என்கிறோம். நூறில் இரண்டரைப் பங்குகூட இல்லாத இந்தக் குறைவைக் கண்ணால் உணர முடியாது. ஆனால் 80 முதல் 100 மி.மீ. விட்டமுள்ள சாதாரணத் தொலைநோக்கியும் ஒரு கேமராவும் இருந்தால் அளந்துவிடலாம். சுமார் 64 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் ஓர் உலகத்தின் ஆரத்தை நீங்களே கணக்கிட்டுச் சொல்லலாம்.

பெரிய தொலைநோக்கி இல்லையே என்று இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் நிறையப் பேர். இந்த வேலைக்கு விட்டம் இரண்டாம்பட்சம்தான். நான்கு மணி நேரம் எதையும் மாறவிடாமல் வைத்திருப்பதில்தான் முழுச் சிரமமும் இருக்கிறது. விண்மீன் விழும் பிக்சல், ஃபோகஸ், எக்ஸ்போஷர், கணினியின் கடிகாரம் என்று ஒவ்வொன்றும் அதில் அடக்கம்.

முதலில் கோளைப் பற்றி. அதன் எண்கள் தெரிந்தால்தான் இரவைத் திட்டமிட முடியும்.

இந்தக் கோளுக்கு எச்டி 189733 பி என்று பெயர். 2005-ல் கண்டுபிடிக்கப்பட்டது. நிறையிலும் ஆரத்திலும் நம் வியாழனைவிடச் சற்றே பெரியது. ஆனால் அது இருக்கும் இடம்தான் வியப்பு. விண்மீனிலிருந்து வெறும் 46 லட்சம் கி.மீ. தொலைவில் சுற்றுகிறது. நம் புதன்கூடச் சூரியனிலிருந்து சராசரியாக 5 கோடியே 80 லட்சம் கி.மீ. தள்ளி இருக்கிறது. பூமி விநாடிக்கு 30 கி.மீ. வேகத்தில் சுற்ற, இந்தக் கோள் விநாடிக்கு 152 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அங்கிருந்து பார்த்தால் விண்மீன் வானத்தில் 13 டிகிரி அகலத்துக்குத் தெரியும். நம் சூரியன் அரை டிகிரிதான்.

இவ்வளவு நெருங்கிவிட்டால் ஈர்ப்பின் இழுப்பு கோளின் சுழற்சியைக் கட்டிப்போட்டுவிடும். நிலவு நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல, கோளின் ஒரு பாதி எப்போதும் பகல், மறு பாதி எப்போதும் இரவு. அப்படியானால் நண்பகல் புள்ளிதான் மிக வெப்பமாக இருக்க வேண்டும். 2007-ல் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியின் அகச்சிவப்பு அளவீடுகளைக் கொண்டு இக்கோளின் வெப்ப வரைபடம் வெளியானபோது, மிகச் சூடான இடம் நண்பகல் புள்ளியிலிருந்து கிழக்கே தள்ளி இருந்தது. ஒலியைவிட வேகமாக வீசும் காற்று வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகிறது. 2013-ல் ஹபிள், கோள் விண்மீனுக்குப் பின்னால் மறையும்போது எந்த நிறம் குறைகிறது என்று பார்த்தது. நீலம் குறைந்தது. அதாவது, கோள் நீல நிறம். ஆயிரம் டிகிரி அளவில் கொதிக்கும் அந்த வளிமண்டலத்தில் கடலுக்கு இடமில்லை. அங்கு மிதக்கும் சிலிக்கேட் துகள்கள் நீல ஒளியைச் சிதறடிப்பதுதான் காரணம் என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

இப்படிப்பட்ட கோள்களைத்தான் வெப்ப வியாழன் என்கிறோம். 1952-லேயே வானியலாளர் ஆட்டோ ஸ்ட்ரூவ் ஒரு சிறு குறிப்பில், விண்மீனை ஒட்டிச் சில நாளில் சுற்றும் பெருங்கோள்கள் இருக்கலாம், அவை விண்மீனை ஆட்டுவதையும் மறைப்பதையும் அளந்து கண்டுபிடிக்கலாம் என்று எழுதிவிட்டார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் வியாழன் 12 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுவதால், மற்றவையும் அப்படித்தான் இருக்கும் என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. 1995-ல் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் பிரான்சின் ஓத்-ப்ரொவான்ஸ் வானாய்வகத்தில், 1.93 மீட்டர் தொலைநோக்கியில் பொருத்திய எலொடி நிறமாலைமானி கொண்டு 51 பெகாசி பி கோளைக் கண்டார்கள். சுற்றுக்காலம் 4.23 நாள். நம் வியாழன் சூரியனை விநாடிக்குச் சுமார் 12.5 மீட்டர் வேகத்தில் ஆட்டுகிறது. இந்தக் கோள் தன் விண்மீனை 50 மீட்டருக்கும் மேல் ஆட்டியது. இருவருக்கும் 2019-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1999-ல் எச்டி 209458 என்ற விண்மீன் கோளால் மறைக்கப்படுவது முதன்முதலாகப் பதிவானது. ஸ்ட்ரூவ் சொன்ன இரண்டு வழிகளும் அப்படிப் பலித்தன.

வாயுக் கோள் அவ்வளவு நெருக்கத்தில் எப்படி வந்தது என்பதற்கு இன்னும் ஒரே விடை இல்லை. அங்கேயே உருவாகியிருக்கலாம் என்று சொல்வோரும் உண்டு. ஆனால் அவ்வளவு வெப்பத்தில் பெரிய கருவைத் திரட்டும் அளவுக்குத் திடப்பொருள் கிடைப்பது கடினம். குளிர்ந்த வெளிப்பகுதியில் உருவாகி உள்ளே நகர்ந்தது என்பதே வலுவான கருத்து. நகர்ந்த விதத்தில்தான் இரண்டு கட்சி. விண்மீன் பிறந்தபோது சூழ்ந்திருந்த வாயுத் தட்டோடு உராய்ந்து மெல்ல உள்ளே சரிந்தது என்பது ஒன்று. வேறொரு கோளோ துணை விண்மீனோ பாதையை மிக நீளமான முட்டை வடிவாக இழுத்துவிட, ஒவ்வொரு முறை விண்மீனை நெருங்கும்போதும் ஓத விசையில் (விண்மீனின் ஈர்ப்பு கோளை இழுத்து நீட்டும் விசை) ஆற்றலை இழந்து பாதை சுருங்கி வட்டமானது என்பது இன்னொன்று. எச்டி 80606 பி என்ற கோள் இரண்டாவது வழியில் பாதியில் பிடிபட்டதுபோல இருக்கிறது. 111 நாள் சுற்றுப்பாதை, மையப்பிறழ்ச்சி (பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்ற அளவு; வட்டத்துக்கு 0) 0.93. வாஸ்ப்-17 பி போன்ற சில கோள்கள் விண்மீன் சுழலும் திசைக்கு எதிராகச் சுற்றுவதும் இரண்டாவது கட்சிக்கே பலம் சேர்க்கிறது. இரண்டும் நடந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். எது எத்தனை பங்கு என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

இவை அரியவை. சூரியனைப் போன்ற விண்மீன்களில் நூற்றுக்கு ஒன்றோ அதற்கும் குறைவோதான். ஆனாலும் பட்டியல்களில் நிறைந்திருக்கின்றன. காரணம் எளிது. கோளின் பாதை நம் பார்வைக் கோட்டில் அமைந்து கடப்பு தெரிய எவ்வளவு வாய்ப்பு என்பது, ஏறத்தாழ விண்மீனின் ஆரத்தைப் பாதையின் ஆரத்தால் வகுத்தால் வரும். பூமி–சூரியன் தொலைவில் இருபதில் ஒரு பங்கு தூரத்தில் சுற்றினால் பத்தில் ஒரு வாய்ப்பு. நம் வியாழன் இருக்கும் தொலைவில் ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை.

எந்த விண்மீன், எந்த இரவு

மங்கலின் ஆழம், கோளின் ஆரத்தை விண்மீனின் ஆரத்தால் வகுத்து இருமடி எடுத்தால் வருவது. வியாழன் அளவுக் கோள் சூரியன் அளவு விண்மீனை மறைத்தால் ஏறத்தாழ 1 சதவீதம். பூமி மறைத்தால் 0.0084 சதவீதம். முதல் முயற்சிக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஆழமுள்ளதை எடுங்கள். விண்மீன் சிறியதாக இருந்தால் அதே கோள் ஆழமாக மறைக்கும். எச்டி 189733-ன் ஆரம் சூரியனில் முக்கால் பங்குதான் என்பதால்தான் 2.4 சதவீதம் கிடைக்கிறது.

விண்மீனின் மேக்னிட்யூட், அதாவது பொலிவைக் குறிக்கும் எண், 7.7. எண் கூடக்கூட விண்மீன் மங்கல். இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். வீகா, டெனெப், திருவோணம் மூன்றும் அமைக்கும் பெரிய முக்கோணத்துக்குள், அம்பு வடிவமான சாஜிட்டா விண்மீன் கூட்டத்தின் முனையிலிருக்கும் காமா விண்மீனுக்கு 3 டிகிரி வடக்கே டம்பெல் நெபுலா இருக்கிறது. அதிலிருந்து கால் டிகிரி கிழக்கே தெரியும் பொலிவான புள்ளிதான் நம் விண்மீன். நிலவின் பாதி அகலம்தான் இடைவெளி. படத்தில் நெபுலாவும் சேர்ந்தே விழும் என்பதால் அடையாளத்தில் குழப்பம் வராது.

150 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் வாஸ்ப்-52 பி, ஹாட்-பி-32 பி, கத்தார்-1 பி ஆகியவையும் நல்ல இலக்குகள். மூன்றிலும் ஆழம் 2 சதவீதத்துக்கு மேல். விண்மீன்கள் 11 முதல் 13 மேக்னிட்யூட். அந்த அளவில் அதே புலத்தில் (ஒரு படத்தில் விழும் வானப் பகுதியில்) ஒப்பு விண்மீன்கள், அதாவது இலக்கோடு ஒப்பிட்டு அளக்க உதவும் பொலிவு மாறாத விண்மீன்கள், தாராளமாகக் கிடைக்கும் என்பதால் ஒருவகையில் இவை எச்டி 189733-ஐவிட எளிது. ட்ரெஸ்-3 பி கோளை முதலில் எடுக்காதீர்கள். ஆழமும் உண்டு, 80 நிமிடத்தில் முடிந்தும்விடும். ஆனால் கோள் விண்மீனின் விளிம்பை உரசிக்கொண்டு போவதால், நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் வரைகோடு தட்டையான அடியின்றி வி வடிவில் வரும். அதிலிருந்து ஆரத்தைப் பிரித்தெடுப்பது சிக்கல்.

கடப்பு எப்போது என்று கணக்கிட ஓர் ஆரம்ப நேரமும் சுற்றுக்காலமும் போதும். எச்டி 189733 பி-க்கு ஆரம்ப நேரம் ஜூலியன் நாள் (வானியலாளர்கள் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் முறை) 2454279.4367, சுற்றுக்காலம் 2.218576 நாள். ஆரம்ப நேரத்தோடு சுற்றுக்காலத்தின் முழு மடங்குகளைக் கூட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு கடப்பின் நடுநேரமும் வரும். 9 சுற்று 19.967 நாள் என்பதால், ஓர் இரவு நல்ல நேரத்தில் கடப்பு அமைந்தால் 20 நாள் கழித்து அதே இரவு நேரத்தில், 47 நிமிடம் முன்னதாக, மீண்டும் அமையும். மேகம் கெடுத்துவிட்டால் அடுத்த வாய்ப்பைக் குறித்துக்கொள்ள இது உதவும். எச்டி 209458 பி-க்கு 2 சுற்று 7.05 நாள். வாரம் தவறாமல் 71 நிமிடம் தள்ளி வரும்.

இரவைத் தேர்ந்தெடுக்கும்போது முழுக் கடப்போடு, முன்னால் ஒரு மணி, பின்னால் ஒரு மணி சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் முழுவதும் விண்மீன் அடிவானிலிருந்து 30 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் எடுக்கும் அந்த மணி நேரங்களை வீண் என்று குறைப்பவர்கள் அதிகம். மங்காத ஒளி எவ்வளவு என்று அந்தப் பகுதிதான் சொல்கிறது. அது இல்லாமல் எவ்வளவு மங்கியது என்று எதை வைத்துச் சொல்வது?

கருவிகள்

80–100 மி.மீ. ரிஃப்ராக்டர் (லென்ஸ் தொலைநோக்கி), 400–500 மி.மீ. குவியத் தொலைவு. ஏபிஎஸ்-சி அளவு சென்சாரோடு 400 மி.மீ.-ல் புலம் 3.4 × 2.2 டிகிரி வரும். எச்டி 189733 போன்ற பொலிவான விண்மீனுக்கு இந்த அகலம் அவசியம். நீண்ட குவியத் தொலைவில் புலம் சுருங்கிவிட்டால் அதற்கு இணையான பொலிவுள்ள ஒப்பு விண்மீன் உள்ளே இருக்காது.

கறுப்பு-வெள்ளை சிமாஸ் கேமரா சிறந்தது. டிஎஸ்எல்ஆர் இருந்தாலும் போதும். ஆனால் ரா ஃபார்மட்டில் மட்டுமே எடுங்கள். ஜேபெக் சுருக்கத்தில் ஒளிக்கும் எண்ணுக்கும் உள்ள நேர் விகிதம் போய்விடும், அந்தப் படங்களை எதற்கும் பயன்படுத்த முடியாது. கேமராவின் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் அதே நேரத்துக்கு ஓர் இருட்டுப் படம் எடுத்து, பாதி இரவைத் தின்றுவிடும். பின்னர் பச்சைப் பிக்சல்களை மட்டும் பிரித்தெடுங்கள்.

கறுப்பு-வெள்ளைக் கேமராவில் சிவப்பு ஃபில்டர் போடுவது நல்லது. நீல ஒளியைக் காற்று அதிகம் விழுங்கும், விண்மீன் இறங்க இறங்க அந்த இழப்பு மாறிக்கொண்டே இருக்கும். விண்மீன் வட்டின் ஓரம் நடுவைவிட மங்கலாக இருப்பதும் நீலத்தில் கூடுதல். அதனால் நீலத்தில் வரைகோட்டின் அடி கிண்ணம்போல வளையும், சிவப்பில் தட்டையாகும். தட்டையான அடியைப் பொருத்துவது எளிது.

துருவத்தோடு சரியாக அமைத்த ஈக்விடோரியல் மவுண்டும் (வானத்தின் சுழற்சியைப் பின்தொடரும் தாங்கி) ஆட்டோகைடிங்கும் (ஒரு விண்மீனைக் கவனித்து மவுண்டின் பிசகைத் தானாகத் திருத்துவது) வேண்டும். கைடிங் இல்லாவிட்டால் விண்மீன் மெல்ல மெல்லப் பல பிக்சல் நகர்ந்துபோகும். ஒவ்வொரு பிக்சலின் உணர்திறனும் ஒரு சதவீதம்வரை வேறுபடும் என்பதால், அந்த நகர்வே ஒரு பொய்க் கடப்பை வரைந்துவிடும். நான்கு மணி நேரத்தில் 5 பிக்சலுக்குள் நின்றால் நிம்மதி. பனி படியும் இரவுகளில் லென்ஸைச் சுற்றி ஹீட்டர் பட்டை கட்டாயம். முகப்பில் படியும் மெல்லிய ஈரம் எல்லா விண்மீனையும் ஒரே அளவில் மங்கலாக்காது.

ஃபோகஸை வேண்டுமென்றே கலைப்பது

வானப் படம் எடுத்துப் பழகியவர்களுக்கு மனம் ஒப்பாத இடம் இது. இதைச் செய்துதான் ஆக வேண்டும்.

ஒளியை எண்ணுவதில் தவிர்க்க முடியாத ஓர் இரைச்சல் உண்டு. 10 லட்சம் எலெக்ட்ரான் சேர்ந்தால் அதன் வர்க்கமூலம் ஆயிரம். அதாவது 0.1 சதவீதத் துல்லியம். 10 ஆயிரம்தான் சேர்ந்தால் 1 சதவீதம், கடப்பு அதிலேயே மூழ்கிவிடும். 100 மி.மீ. தொலைநோக்கியில் 7.7 மேக்னிட்யூட் விண்மீனிலிருந்து 30 விநாடியில் தோராயமாக 10 லட்சம் எலெக்ட்ரான் கிடைக்கும். போதுமானதுதான். ஆனால் கூர்மையாக ஃபோகஸ் செய்தால் நடுப் பிக்சலிலேயே பத்தில் ஒரு பங்கு, ஒரு லட்சம், கொட்டும். ஒரு பிக்சலின் கொள்ளளவு 50 ஆயிரம் அளவில்தான் இருக்கும். வழிந்துபோகும் ஒளி திரும்ப வராது. அந்தப் படத்தில் விண்மீன் எவ்வளவு மங்கினாலும் எண் மாறாது.

ஆகவே ஃபோகஸரைச் சற்று நகர்த்தி, விண்மீன் 12 முதல் 15 பிக்சல் விட்டமுள்ள தட்டாகப் பரவும்படி வையுங்கள். அதே 10 லட்சம் எலெக்ட்ரான் இப்போது 150 பிக்சலில் பங்கிடப்படும், எந்தப் பிக்சலும் நிரம்பாது. பிக்சல்களுக்கிடையிலான வேறுபாடும் சராசரியாகிக் குறையும். 16 பிட் கேமராவில் மிகப் பொலிவான பிக்சலின் எண் 20,000-க்கும் 40,000-க்கும் இடையில் இருக்கட்டும். விண்மீன் இன்னும் உயரே ஏறப்போகிறதென்றால் பொலிவு கூடும், அதற்கும் இடம் விடுங்கள். பக்கத்து விண்மீனின் தட்டோடு ஒட்டும் அளவுக்குக் கலைத்துவிடக் கூடாது. 12 மேக்னிட்யூட் இலக்குகளுக்கு இந்த வேலை கொஞ்சமே தேவை. அங்கே ஒளியே பற்றாக்குறை.

எக்ஸ்போஷரைச் சுருக்கினால் என்ன என்று கேட்கலாம். விண்மீனின் மினுக்கல் குறுக்கே நிற்கும். 200 மி.மீ. தொலைநோக்கியில், தலைக்கு மேல் இருக்கும் விண்மீனுக்கு 60 விநாடியில் மினுக்கல் இரைச்சல் 0.1 சதவீத அளவு. 10 விநாடியானால் கிட்டத்தட்ட 0.3. விண்மீன் 30 டிகிரி உயரத்துக்கு இறங்கிவிட்டால் இது மூன்று மடங்குக்கும் மேல் கூடும். பொலிவான விண்மீன்களில் உண்மையான எதிரி இந்த மினுக்கல்தான். அதே சமயம் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே இரண்டு நிமிடம் தாண்டவும் கூடாது. கோள் விண்மீனின் விளிம்பைத் தொட்டதிலிருந்து முழுதாக உள்ளே நுழைய 24 நிமிடம். அந்தச் சரிவில் குறைந்தது பத்துப் புள்ளியாவது வேண்டும். 30 முதல் 60 விநாடி எக்ஸ்போஷர் இரண்டுக்கும் பொருந்தும்.

இரவில் செய்ய வேண்டியவை

படம் தொடங்குமுன் கணினிக் கடிகாரத்தை இணைய நேரச் சேவையோடு ஒத்திசைத்து, இரவு முழுதும் தானாகவே ஒத்திசையும்படி விடுங்கள். ஒரு நாளில் சில விநாடி பிசகுவது மடிக்கணினிகளுக்கு வழக்கம். டிஎஸ்எல்ஆரின் உள்கடிகாரத்தை நம்பவே வேண்டாம், கணினி வழியாகவே இயக்குங்கள்.

ஒருமுறை தொடங்கிவிட்டால் எக்ஸ்போஷர், கெயின், ஃபோகஸ் எதையும் தொடக்கூடாது. நடுவில் எக்ஸ்போஷரை மாற்றினால் வரைகோட்டில் ஒரு படிக்கட்டு விழும். மெல்லிய மேகம் வந்தால் நிறுத்த வேண்டாம். ஒப்பு விண்மீனும் அதே மேகத்தில் மங்குவதால் விகிதம் ஓரளவு தப்பிக்கும். தடித்த மேகப் படங்களைப் பிறகு நீக்கிக்கொள்ளலாம்.

ஜெர்மன் ஈக்விடோரியல் மவுண்ட் வைத்திருப்பவர்களை அதிகம் கெடுப்பது, விண்மீன் உச்சிக்கோட்டைக் கடக்கும்போது செய்யும் திருப்பம். படம் 180 டிகிரி சுற்றி, விண்மீன்கள் சென்சாரின் வேறு பக்கத்துக்குப் போய்விடும். ஃப்ளாட் (சீரான ஒளியைப் பார்த்து எடுக்கும் திருத்தப் படம்) எவ்வளவு நன்றாக எடுத்திருந்தாலும் அரை சதவீதத் தாவல் வரலாம். 2 சதவீதக் கடப்பில் அது பெரிய அடி. திருப்பம் கடப்புக்கு வெளியே விழும் இரவாகப் பாருங்கள். முடியாவிட்டால், திருப்பத்துக்கு முன், பின் என்று இரு பகுதிகளாகப் பிரித்து, தாவலைத் தனி எண்ணாகப் பொருத்துங்கள்.

முடிந்தபின் திருத்தப் படங்கள்: டார்க் 20–30 (மூடி போட்டு, அதே எக்ஸ்போஷர், அதே வெப்பநிலை), பயஸ் 30–50 (மூடி போட்டு, மிகக் குறுகிய எக்ஸ்போஷர்), ஃப்ளாட் 30. ஃப்ளாட் எடுக்கும்வரை கேமராவைக் கழற்றவோ சுழற்றவோ ஃபோகஸை மாற்றவோ வேண்டாம். சென்சார் கண்ணாடியில் இருக்கும் ஒரு தூசி, படத்தில் வளையம்போல நிழல் போடும். அந்த வளையம் இருந்த இடத்திலேயே இருந்தால்தான் ஃப்ளாட் அதை அழிக்கும்.

படங்களிலிருந்து வரைகோட்டுக்கு

ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள் இந்த வேலைக்கென்றே பக்குவப்பட்டது. பயஸ், டார்க், ஃப்ளாட் திருத்தம் முடிந்தபின், இலக்கு மேல் ஒரு வட்டமும் நான்கு முதல் எட்டு ஒப்பு விண்மீன்கள் மேல் வட்டங்களும் வையுங்கள். கலைத்த தட்டு முழுதும் உள்ளே அடங்கி, இரண்டு மூன்று பிக்சல் ஓரம் மிஞ்ச வேண்டும். சிறிதாக வைத்தால் காற்றின் அலைச்சலில் தட்டு விரியும்போது ஒளி வெளியே சிந்தும். பெரிதாக வைத்தால் வான ஒளியும் சேர்ந்து இரைச்சலைக் கூட்டும். வானப் பின்னணியை அளக்கும் வெளி வளையத்தில் வேறு விண்மீனோ, எச்டி 189733-க்கு என்றால் டம்பெல் நெபுலாவின் ஓரமோ விழக்கூடாது.

ஒப்பு விண்மீன் இலக்கின் பொலிவுக்கு அருகில் இருக்க வேண்டும். ஒரு மேக்னிட்யூட் மங்கலானால் இரண்டரை மடங்கு குறைவான ஒளிதான் வரும், அதன் இரைச்சல் முழுதும் உங்கள் வரைகோட்டில் ஏறும். நிறமும் பொருந்த வேண்டும். ஆரஞ்சு விண்மீனை நீல விண்மீனோடு ஒப்பிட்டால், இரவு நகர நகர வரைகோடு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். ஒவ்வோர் ஒப்பு விண்மீனையும் மற்றவற்றோடு ஒப்பிட்டுத் தனித்தனியாக வரைந்து பாருங்கள். தட்டையாக இல்லாததை நீக்குங்கள். சில விண்மீன்கள் தாமாகவே பொலிவு மாறுபவை.

பிறகு மாதிரி வரைகோட்டைப் பொருத்துவது. சுற்றுக்காலத்தையும் விண்மீனின் விளிம்பு மங்கலையும் தெரிந்த மதிப்புகளில் நிறுத்திவிட்டு, நடுநேரம், ஆர விகிதம், ஒரு நேர்க்கோட்டுச் சாய்வு ஆகிய மூன்றை மட்டும் விடுவியுங்கள். காற்றின் தடிமன், விண்மீன் நகர்ந்த இடம், வான ஒளி, தட்டின் அகலம் என்று மென்பொருள் தரும் அத்தனை திருத்தங்களையும் ஒன்றாகப் போட்டால் வரைகோடு அழகாக வரும். அந்த அழகை நம்பாதீர்கள். அத்தனை நெம்புகோல் இருந்தால் இல்லாத கடப்பைக்கூட வரவழைக்கலாம். ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். சரிபார்க்க ஒரு வழி: மாதிரியைக் கழித்தபின் எஞ்சும் சிதறலை ஐந்தைந்து புள்ளியாகச் சராசரி எடுங்கள். சிதறல் 2.2 மடங்கு குறைய வேண்டும். குறையாவிட்டால் படங்களில் ஒரு முறையான பிழை ஒளிந்திருக்கிறது. பெரும்பாலும் நகர்வு அல்லது ஃப்ளாட்.

ஆழம் 0.024 என்று வந்தால் வர்க்கமூலம் 0.155. விண்மீனின் ஆரம் சூரியனில் 0.76 பங்கு, அதாவது 5.29 லட்சம் கி.மீ. பெருக்கினால் கோளின் ஆரம் 82 ஆயிரம் கி.மீ. நம் வியாழனின் 71,492-ஐவிடச் சுமார் 15 சதவீதம் பெரியது. இதே கணக்கை எச்டி 209458 பி-க்குச் செய்தால் வியாழனைப்போல 1.38 மடங்கு ஆரம் வரும். நிறையோ 0.69 மடங்குதான். அடர்த்தி நீரில் மூன்றில் ஒரு பங்கு. விண்மீனின் சூடு ஏதோ ஒரு வழியில் கோளின் ஆழத்துக்கு இறங்கி அதை ஊதவைக்கிறது. அந்த வழி என்ன என்பதில் இன்றும் விவாதம் ஓயவில்லை.

எச்டி 189733-ல் அடியின் நடுவே ஒரு சிறு மேடு தெரிந்தால் உடனே அழிக்க வேண்டாம். விண்மீன் மேல் கரும்புள்ளிகள் நிறைய உண்டு. ஏற்கெனவே இருண்ட ஒரு புள்ளியைக் கோள் மறைத்துப் போகும்போது இழக்கும் ஒளி குறைவு என்பதால் வரைகோடு சற்று ஏறும். ஆனால் அதே மேடு ஒப்பு விண்மீன்களிலும் இருந்தால் மேகம்தான்.

நேரம்தான் நிலைக்கும் அளவீடு

ஆழத்தைப் பெரிய தொலைநோக்கிகள் நம்மைவிடத் துல்லியமாக அளந்துவிடும். ஆனால் நூற்றுக்கணக்கான கோள்களின் நடுநேரத்தை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப அளக்க அவற்றுக்கு நேரம் கிடையாது. சிறு தொலைநோக்கிகளின் இடம் இங்கேதான்.

சுற்றுக்காலத்தில் இருக்கும் சிறு பிழை ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்துகொண்டே போகும். 0.00001 நாள் பிழை என்றால் 500 சுற்றில் 7 நிமிடம். அப்படிக் காலம் பிசகிய கோளை விண்வெளித் தொலைநோக்கி பார்க்கப் போனால், ஒதுக்கிய நேரம் கடப்பின் ஓரத்தை வெட்டிவிடும். எக்ஸோகிளாக் என்ற கூட்டு முயற்சி, ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஏரியல் தொலைநோக்கிக்காக இந்த நேரங்களைத் திரட்டுகிறது. யார் வேண்டுமானாலும் அளவீடு அனுப்பலாம்.

அனுப்புமுன் நேரத்தைச் சூரியக் குடும்பத்தின் நிறை மையத்துக்கு மாற்ற வேண்டும். பூமி சூரியனைச் சுற்றுவதால், விண்மீனின் ஒளி சில மாதங்களில் முன்னதாகவும் சில மாதங்களில் தாமதமாகவும் வந்து சேரும். எச்டி 189733-ன் திசைக்கு இது கூட்டியும் குறைத்தும் 6 நிமிடம்வரை போகும். அதோடு உலகப் பொது நேரத்துக்கும் கணிப்புகளில் வரும் சீரான நேரத்துக்கும் 69.184 விநாடி வித்தியாசம். ஆறு மாதத்தில் கோள் 12 நிமிடம் பிசகிவிட்டது என்று யாராவது பரபரத்தால், இந்தத் திருத்தத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். படத்தில் பதிவாகும் நேரம் எக்ஸ்போஷரின் தொடக்கமா நடுவா என்றும் பாருங்கள். 60 விநாடிப் படத்தில் அதுவே அரை நிமிடப் பிழை.

இவ்வளவு கவனத்தோடு எடுத்தால் 200 மி.மீ. தொலைநோக்கியில் நடுநேரம் ஒன்றிரண்டு நிமிடத் துல்லியத்தில் கிடைக்கும். அது எதற்குப் போதும் என்பதற்கு வாஸ்ப்-12 பி ஒன்றே சான்று. 2008-ல் அறிவிக்கப்பட்ட இக்கோள் 1.09 நாளில் சுற்றுகிறது, பகல் பக்கம் 2,500 கெல்வின் அளவில் எரிகிறது. அதன் சுற்றுக்காலம் ஆண்டுக்கு 29 மில்லிவிநாடி அளவில் சுருங்குவது பல ஆண்டு அளவீடுகள் சேர்ந்து 2020-ல் உறுதியானது. கோள் மெல்ல விண்மீனை நோக்கிச் சரிகிறது. இந்த வேகத்தில் இன்னும் சில பத்து லட்சம் ஆண்டுகளே அதற்கு மிச்சம். 29 மில்லிவிநாடியை எந்தச் சிறு தொலைநோக்கியும் நேரடியாக அளக்காது. இரண்டு ஆண்டு பார்த்தால் கடப்பு 19 விநாடிதான் முந்தும், நம் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் சுருக்கம் ஒவ்வொரு சுற்றிலும் சேர்வதால் பத்து ஆண்டில், 3,346 சுற்றுக்குப் பிறகு, மாறாத சுற்றுக்காலம் சொல்லும் நேரத்தைவிட 8 நிமிடம் முன்னதாகக் கோள் வந்து நிற்கும். விண்மீனின் மேக்னிட்யூட் 11.7, ஆழம் 1.4 சதவீதம், கடப்பு மூன்று மணி நேரம். 11 சுற்று 12 நாளும் 8 நிமிடமும் என்பதால், அது இருக்கும் ஆரிகா விண்மீன் கூட்டம் இரவில் உயர்ந்து நிற்கும் மாதங்களில் 12 நாளுக்கு ஒருமுறை ஏறத்தாழ அதே நேரத்தில் வாய்ப்பு வரும். 200 மி.மீ., சிவப்பு ஃபில்டர், 90 விநாடி எக்ஸ்போஷர், லேசாகக் கலைத்த ஃபோகஸ். ஆண்டுக்கு மூன்று நான்கு கடப்பு போதும்.